கண், மூக்கு, வாய், காது

குழந்தைகளின் எச்சிலைக் கண்டு கிலுக்கக்கா ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. கடித்துத் துப்பிய மரக்கட்டை, மூக்குச்சளி தடவிய துணிப்பொம்மை, பால் கக்கிய பாய், எதுவானாலும் வெறுங்கையால் எடுத்துச் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, வெந்நீரில் அலசி, ஜன்னலோரம் துண்டு விரித்துக் காயவைப்பாள். அவளுக்குக் குமட்டிக்கொண்டு வருவதெல்லாம் அந்தக் குழந்தைகளைப் பெற்றவர்களைப் பார்த்தால்தான். "பிள்ளை கக்கினா துடைச்சிடலாம். இதுங்க பெருமையைக் கக்குதுங்களே, அதை எந்தத் துணி வச்சுத் துடைக்கிறது?" என்பாள்.

அவள் வேலை பார்த்தது ஒரு குழந்தை வளர்ச்சி மையத்தில். பிறந்து சில வாரமே ஆன சிசுவோ, பள்ளிக்கூடம் போகக் காத்திருக்கும் வாண்டோ, யார் வந்தாலும் அந்த வயதுக்கு உரியதைச் செய்கிறதா என்று பார்த்துச் சொல்லவேண்டும். படுத்திருக்கும் சிசுவின் இரண்டு கையையும் பிடித்து மெல்ல எழுப்பினால் தலை கூடவே வருகிறதா, பின்னால் தொங்குகிறதா? சிவப்புக் கம்பளிப் பந்தை ஆட்டினால் கண் அதன் பின்னாலேயே போகிறதா? உலர்ந்த திராட்சையை உள்ளங்கையால் வாரி அள்ளுகிறதா, கட்டைவிரலையும் ஆள்காட்டிவிரலையும் சேர்த்துக் கிள்ளி எடுக்கிறதா? பொம்மையைக் கிண்ணத்தால் மூடினால் தேடுகிறதா, தொலைந்தது சனியன் என்று விட்டுவிடுகிறதா? கண்ணில் படாமல் பக்கவாட்டில் கிலுகிலுப்பையை ஆட்டினால் திரும்புகிறதா? இந்தக் கிலுகிலுப்பையால் வந்ததுதான் பெயர். கிலுகிலுப்பை அக்கா என்று யாரோ தொடங்கி, வாயில் நுழையாமல் கிலுக்கக்கா என்று ஆகிவிட்டது. அவளுக்கும் அதில் வருத்தமில்லை.

அந்த அறையில் நாற்காலிகள் எல்லாம் முழங்கால் உயரம். ஐம்பதைத் தாண்டிய உடம்பை அதில் இறக்கும்போதெல்லாம் "அம்மாடி" என்று ஒரு முனகல் வரும். ஆனால் பிள்ளை எதிரே வந்து உட்கார்ந்துவிட்டால் முனகல் நின்றுவிடும். மேசைக்கு மேலே ஒரு சமயத்தில் ஒரு சாமான்தான் இருக்கும். மற்றதெல்லாம் அவள் காலடியில் பையில். பிள்ளை சரியாகச் செய்தாலும் கை தட்டமாட்டாள், தட்டவும் விடமாட்டாள். தட்டினால் அதற்கப்புறம் அது கட்டையைப் பார்க்காது, உங்கள் மூஞ்சியைத்தான் பார்க்கும், எதைச் செய்தால் இந்தம்மா தட்டுவாள் என்று. அப்புறம் அதற்கு எது தெரியும், எது தெரியாது என்று கடவுளால்கூடக் கண்டுபிடிக்க முடியாது.

இது எந்தப் பெற்றோர் மண்டையில் ஏறியது? கிலுக்கக்கா "கட்டையை அடுக்கு கண்ணு" என்று சொல்லி முடிப்பதற்குள் அம்மாக்காரி கண்ணை உருட்டுவாள். "வீட்ல செஞ்சியேடா! நேத்துகூடச் செஞ்சியே!" ஒரு தகப்பன், நல்ல சலவைச் சட்டை, பிள்ளையின் கையைப் பிடித்துத் தானே கட்டைமேல் கட்டையாக வைத்துக் கோபுரம் கட்டிவிட்டு நிமிர்ந்து பார்த்தான். "உங்களுக்கு நல்லாவே வருது சார். இப்ப பிள்ளைக்கு வருதான்னு பாக்கலாமா?" என்றாள் கிலுக்கக்கா. இன்னொருத்தி, பாயை நனைத்துவிட்ட குழந்தையைப் பார்த்து, "என் மானத்தை வாங்கிட்டியே" என்று கிள்ளினாள். "நடக்கவே தெரியாத பிள்ளை வாங்குற அளவுக்கா இருக்கு உங்க மானம்?" என்று கேட்டதற்கு அந்த அம்மாள் மேலிடத்தில் புகார் கொடுத்துவிட்டுப் போனாள். கிலுக்கக்கா அந்தப் பாயை அலசிப் போட்டுவிட்டு அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டாள்.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்தான்: "வந்தவனெல்லாம் என்னைத் தலையிலேருந்து கால்வரைக்கும் அளவெடுத்தான். அந்த வேலைக்குத்தான் எனக்குச் சம்பளம் தர்றாங்களே, இவனுங்களுக்கு எதுக்கு ஓசியில விட்டுக்கொடுக்கணும்?"

கொஞ்ச காலமாக அவள் வெறுப்புக்கு இன்னும் நன்றாகத் தீனி கிடைத்தது. ஊரில் பெயர்பெற்ற மழலைப்பள்ளி ஒன்று, இந்த மையத்தில் வளர்ச்சிச் சோதனை முடித்துச் சான்றிதழ் கொண்டுவந்தால்தான் இடம் என்று சொல்லிவிட்டது. அவ்வளவுதான். மையத்துக்கு எதிர்ச்சாரியில், செருப்புக்கடைக்கு மாடியில், ஒரு பலகை முளைத்தது: சோதனைக்குத் தயார் செய்கிறோம். உள்ளே இரண்டு வயதுப் பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து, இதே சிவப்புக் கட்டைகள், இதே கிண்ணம், இதே கம்பளிப் பந்து. கீழே செருப்புக்கடைக்காரன் கட்டைகளைத் தனியாகப் பெட்டி போட்டு விற்றான். மாலையில் அந்தப் படியில் தூக்கக் கலக்கத்தோடு இறங்கும் பிள்ளைகளைப் பார்த்துக் கிலுக்கக்கா தெருவென்றும் பார்க்காமல் "தூ" என்று துப்பினாள். துப்பிய இடம் ஒரு கார்க் கண்ணாடிக்குப் பக்கத்தில் என்பதால் அங்கேயும் ஒரு சண்டை வந்தது.

இப்படிப்பட்டவளுக்கு ஒரு தம்பி. ஊரின் மறுகோடியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தான். வாயாடி, கெட்டிக்காரன், அக்காமீது உயிர். மாதத்துக்கு ஒருமுறை அவன் வீட்டுக்குச் சாப்பிடப் போவாள். சாப்பாட்டு மேசையில் இரண்டு பேரும் போட்டி போட்டுக்கொண்டு வேலைக் கதை பேசுவார்கள். வண்டி ஓட்டும் உரிமத்துக்காகக் கண் சோதனைக்கு வரும் ஆட்கள், முன்னால் போனவனிடம் எழுத்துகளைக் கேட்டு மனப்பாடம் செய்துகொண்டு வருவார்களாம். "ஒருத்தன் வந்தான்க்கா, நான் பலகையை மாட்றதுக்கு முன்னாடியே வெறும் சுவத்தைப் பாத்துப் படிச்சு முடிச்சிட்டான்!" என்று தம்பி சொன்னபோது கிலுக்கக்காவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. பதிலுக்கு அவள், சோதனையில் எதற்கு அப்புறம் எது, எந்தப் பிள்ளை எங்கே தடுமாறும் என்று நடித்தே காட்டுவாள். தம்பி கன்னத்தில் கை வைத்துக் கேட்பான்.

தம்பிக்கு ஒரே பிள்ளை. கொழுகொழுவென்று இருந்ததால் உருண்டை. முதல் வயது முடிகிற சமயத்தில் கடுமையான காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தான். அதற்கு முன்னால் "ப்பா", "த்தை" என்று ஒன்றிரண்டு சொல்லிக்கொண்டிருந்தவன் அதற்கப்புறம் சொல்லவில்லை. கிலுக்கக்கா கேட்டாள். "காய்ச்சல்ல துவண்டுட்டான்க்கா, தேறட்டும். நானே மூணு வயசுவரைக்கும் பேசலையாம், அம்மா சொல்லியிருக்காங்க" என்றான் தம்பி. அது உண்மைதான். கதவை அறைந்து சாத்தினால் உருண்டை திரும்பிப் பார்ப்பான், அதையும் அவள் பார்த்திருக்கிறாள். சொந்தக்காரப் பிள்ளைகளைத் தானே சோதிக்கக் கூடாது என்பது மையத்தின் விதி. அத்தையாக வந்த இடத்தில் அத்தையாகவே இருந்துவிட்டுப் போகலாம் என்று அவளும் விட்டுவிட்டாள்.

மையத்தில் பழைய சாமான்களைக் கழித்துப் புதியது வாங்கியபோது, கழித்த கட்டைகளையும் கிண்ணத்தையும் கொதிக்கவைத்துத் துடைத்து உருண்டையின் பிறந்தநாளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தது அவள்தான். விளையாடட்டுமே! அடுத்த மாதம் அவள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உருண்டை ஓடிவந்தான். முன்னால் நின்று, விரலை நீட்டித் தன் கண்ணைத் தொட்டான். மூக்கைத் தொட்டான். வாயைத் தொட்டான். காதைத் தொட்டு, விரலை எடுக்காமல், அத்தையின் முகத்தையே பார்த்தான். தம்பியும் அவன் மனைவியும் படபடவென்று கை தட்டினார்கள். கிலுக்கக்காவுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. வெட்கத்தைவிட்டு அவளும் தட்டினாள். அன்று முதல் எப்போது போனாலும் அதுதான் அவனுடைய வரவேற்பு. மையத்தில் வந்து, "எங்க உருண்டை இருக்கானே, அவனுக்கு மூளை முழுக்க அத்தைதான்" என்று பீற்றிக்கொண்டாள். கேட்டவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

உருண்டைக்கு இரண்டரை ஆகும்போது தம்பி சான்றிதழுக்கு வந்து நின்றான். "நீ செய்யக் கூடாதுன்னு தெரியும்க்கா. வேற யாராவது செய்யட்டும். ஆனா நீ பக்கத்துல இரு." மையத்துக்குப் புதிதாக வந்திருந்த பெண்ணிடம் ஒப்படைத்தார்கள். படித்து முடித்துச் சில மாதங்களே ஆன, அமைதியான பெண். அவளிடம் கிலுக்கக்காவுக்கு ஒரே ஒரு குறைதான்: எதற்கும் சட்டென்று பதில் சொல்லமாட்டாள், யோசித்துத்தான் வாயைத் திறப்பாள்.

சோதனை அறைக்குப் பக்கத்தில் பார்வை அறை. இங்கிருந்து பார்த்தால் அங்கே தெரியும், அங்கிருந்து பார்த்தால் வெறும் நிலைக்கண்ணாடி. அங்கே பேசுவதைக் கேட்க ஒரு ஒலிபெருக்கி உண்டு. அது ஊமையாகி எத்தனையோ காலம். சரிசெய்யச் சொல்லிக் கத்திக் கத்திக் கிலுக்கக்காவுக்குத் தொண்டை போனதுதான் மிச்சம். அந்த அறையில் தம்பியும் அவளும் நின்றார்கள். உள்ளே உருண்டை அம்மா மடியில். எதிரே புதியவள்.

உருண்டை அமர்க்களப்படுத்தினான். கட்டைகளை எடுத்து வைத்ததும் கோபுரம். கட்டைகளை நீளமாக அடுக்கி ரயில். கிண்ணத்தைத் திறந்து பொம்மை. தம்பி கண்ணாடியில் மூக்கு ஒட்டும்படி நின்று, "பாத்தியா, பாத்தியா!" என்று கிசுகிசுத்தான். கிலுக்கக்காவும் பார்த்தாள். சத்தமில்லாமல் பார்த்ததால்தான் அது கண்ணில் பட்டது. புதியவளின் உதடு அசைவதற்கு முன்பே பையனின் கை போய்விடுகிறது. அவள் "ரயில்" என்று சொல்ல வாயைத் திறக்கும்போது ரயில் முடிந்துவிட்டது. கிண்ணத்தை அவள் கவிழ்க்கவே இல்லை, பையிலிருந்து எடுத்துக்கொண்டிருக்கும்போதே அவன் எட்டிப் பிடுங்கித் தானே கவிழ்த்துத் தானே திறந்தான். திறந்துவிட்டு அம்மாவை அண்ணாந்து பார்த்தான்.

கிலுக்கக்கா திரும்பினாள். பக்கத்தில் தம்பியின் உதடுகள் வரிசையாக முணுமுணுத்துக்கொண்டிருந்தன: கோபுரம், ரயில், கிண்ணம், பந்து. அவள் சாப்பாட்டு மேசையில் நடித்துக்காட்டிய அதே வரிசை.

உள்ளே புதியவள் எழுந்து பிள்ளைக்குப் பின்பக்கமாகப் போய்க் கிலுகிலுப்பையை ஆட்டினாள். உருண்டை இடப்பக்கம் திரும்பினான். மறுபக்கம் ஆட்டினாள். வலப்பக்கம் திரும்பினான். அதற்கு ஒரு நொடி முன்னால் தம்பி மனைவியின் முழங்கால் முதலில் இடது, பிறகு வலது என்று லேசாக ஏறி இறங்கியதைக் கிலுக்கக்கா பார்த்தாள். பார்த்தும் பார்க்காதவள்போல நின்றாள்.

கதவைத் திறந்துகொண்டு புதியவள் வந்தாள். வழக்கம்போல யோசித்துவிட்டு, "அக்கா, எல்லாம் செய்றான். ஆனா நான் சொல்றதுக்கு முன்னாடியே செய்றான்" என்றாள்.

"கெட்டிக்காரன். அப்படித்தான் செய்வான். எல்லாம் சரின்னு எழுதிடு" என்றாள் கிலுக்கக்கா.

சொன்ன குரல் அவள் காதிலேயே விழுந்தது. சலவைச் சட்டைத் தகப்பனின் குரல். பாயை நனைத்த பிள்ளையைக் கிள்ளியவளின் குரல். செருப்புக்கடை மாடிப்படிக் குரல். சீ! இத்தனை வருஷமாக எதைப் பார்த்துத் துப்பினாளோ அது அவள் வாயிலிருந்தே வந்து விழுந்திருக்கிறது. எல்லாம் சரி என்று ஒரு காகிதம் போய்விட்டால், இந்தப் பிள்ளையை இனி யார் திரும்பிப் பார்ப்பார்கள்? வகுப்பில் சொன்ன பேச்சுக் கேளாதவன், முரடன், மக்கு என்று பெயர் வாங்கிக்கொண்டு மூலையில் உட்காருவான். பேச்சு காதில் விழவேண்டிய வயசெல்லாம் அதற்குள் போய்விடும்.

"எழுதாதே" என்றாள். "கிலுகிலுப்பையைக் கொடு."

"அக்கா, நீங்க உள்ள போகக் கூடாதே?"

"சோதிக்கப் போகலை. என் மூஞ்சியில நானே காறித் துப்பிக்கப் போறேன். கூட வந்து பார், எழுதவேண்டியதை நீயே எழுது."

உள்ளே போனதும் உருண்டை அத்தையைக் கண்டு முகம் மலர்ந்தான். கிலுக்கக்கா தம்பி மனைவியிடம், "பிள்ளையைக் கீழ இறக்கிட்டு நீ போய்ச் சுவரோரம் உக்காரும்மா" என்றாள். அவள் தயங்கித் தயங்கி எழுந்துபோனாள். பிள்ளையைப் பாயில் உட்காரவைத்துக் கையில் ஒரு துணிப்பொம்மையைக் கொடுத்துவிட்டு, கிலுக்கக்கா அவன் முதுகுக்குப் பின்னால் மண்டியிட்டுக் கிலுகிலுப்பையை ஆட்டினாள். அவன் பொம்மையின் காலைத் திருகிக்கொண்டிருந்தான். இன்னும் கிட்டத்தில், வேகமாக ஆட்டினாள். பொம்மையின் மறு காலைத் திருகினான். முன்னால் வந்து, வாயைக் கையால் மறைத்துக்கொண்டு, "உருண்டை, பொம்மையை அத்தைக்குக் குடு" என்றாள். அவன் அவளை உற்றுப் பார்த்தான். ஏதோ கேட்கிறார்கள் என்று புரிந்திருக்கவேண்டும். பொம்மையைக் கீழே வைத்துவிட்டு, தனக்குத் தெரிந்ததில் நன்றாகத் தெரிந்ததைத் தொடங்கினான். கண்ணைத் தொட்டான். மூக்கைத் தொட்டான். வாயைத் தொட்டான். காதைத் தொட்டுக்கொண்டு காத்திருந்தான்.

கிலுக்கக்கா தரையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள். பலகைத் தரை அதிர்ந்தது. உடனே திரும்பினான்.

சுவரோரத்தில் தம்பி மனைவி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். "எனக்குத் தெரியும் அண்ணி. ரொம்ப நாளாத் தெரியும். பின்னாலேருந்து கூப்பிட்டா திரும்பறதே இல்லை. இவர்கிட்ட சொன்னா, 'வாயைக் கழுவு'ங்கறார். கட்டை அடுக்கறான், எல்லாம் தொட்டுக் காட்டறான், அப்ப ஒண்ணுமிருக்காதுன்னு நானும் மனசைத் தேத்திக்கிட்டேன். முழங்காலை ஆட்டச் சொன்னதும் அவர்தான். ஆட்டினது நான்தானே!"

அதற்குள் தம்பி கதவைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டான். முகம் ஜிவுஜிவு என்று சிவந்திருந்தது. "என்னக்கா பண்ற? எவ்வளவு கஷ்டப்பட்டுக் கத்துக்குடுத்தோம்! ஊர்ல எவன் பிள்ளையும் சொல்லிக்குடுக்காமலா வருது? எல்லாருக்கும் கையெழுத்துப் போடற, உன் சொந்த மருமகனுக்கு மட்டும் குழி வெட்டற!"

"டேய், பிள்ளைக்குக் காது கேக்கலைடா."

"வாயை மூடு! கதவு சாத்தினா திரும்பறான். நாளைக்கு நாலு பேர் என்ன பேசுவாங்க? உனக்கென்ன, குடும்பமா குட்டியா? எவன் வீட்டுப் பிள்ளையிலயாவது குறை கண்டுபிடிச்சுச் சொன்னாத்தானே உனக்குச் சோறு இறங்கும்!"

புதியவள் தலையைக் குனிந்துகொண்டாள். கிலுக்கக்காவுக்குக் கோபத்துக்கு முன்னால் அருவருப்புத்தான் வந்தது. அவன் நெற்றியில் முத்து முத்தாக வியர்வை, கடை வாயில் எச்சில், சட்டையில் அத்தர் மணம். சின்ன வயசில் இவனை இடுப்பில் தூக்கி அலைந்தது அவள்தான். இவன் மீது வந்த அளவுக்குத் தன் மீதும் வெறுப்பு வந்தது. கட்டையைக் கொடுத்தது யார்? வரிசையைச் சொன்னது யார்? வாசலில் நின்று கை தட்டியது யார்?

"நல்லாத் திட்டு, வாங்கிக்கறேன். எனக்கு அது வேண்டியதுதான்" என்றாள். "ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லு. பலகையை மாட்றதுக்கு முன்னாடியே வெறும் சுவத்தைப் பாத்துப் படிச்சானே ஒருத்தன். அவனை என்னடா பண்ண?"

தம்பி நெற்றி வியர்வையைப் புறங்கையால் வழித்தான்.

"சிரிச்சோமே ரெண்டு பேரும். சிரிச்சு முடிச்சதும் பார்வை நல்லாருக்குன்னு எழுதி ரோட்ல வண்டி ஓட்ட விட்டுட்டியா?"

"இல்லை" என்றான் தம்பி. குரல் கீழே இறங்கிவிட்டது. "வேற பலகை மாட்டினேன். முதல் எழுத்தே தெரியலை அவனுக்கு. கண்ணாடி போட்டு அனுப்பினேன்."

"அந்த ஆளு உன் சொந்தமாடா?"

தம்பி சின்ன நாற்காலி ஒன்றில் பொத்தென்று உட்கார்ந்தான். அது கிறீச்சிட்டது. உருண்டை அப்பாவைப் பார்த்ததும் எழுந்து ஓடிப்போய், மேசையில் கிடந்த கட்டைகளை அவசர அவசரமாக அடுக்கத் தொடங்கினான். "போதும்டா, விடுடா" என்று தம்பி சொன்னான். பிள்ளை அடுக்கிக்கொண்டே இருந்தான்.

புதியவள் எழுதவேண்டியதை எழுதினாள், கேட்கும்திறன் சோதனைக்கு அனுப்பவேண்டும் என்று. மழலைப்பள்ளியில் இடம் போனது. அதைவிடப் பெரிய கூத்து, செருப்புக்கடை மாடிக்காரி தம்பியைத் தெருவில் நிறுத்தி, "எங்ககிட்ட அனுப்பியிருந்தா நாங்க பாத்திருப்போம் சார்" என்றாளாம். கிலுக்கக்கா அங்கே இல்லாமல் போனது அந்த அம்மாளின் நல்ல நேரம்.

தம்பி அக்காவோடு பேசவில்லை. ஆனால் கேட்கும்திறன் சோதனைக்கு நாள் குறித்ததும், எந்தக் கட்டடம், எந்த மாடி என்று சொல்லியனுப்பினான். கிலுக்கக்கா போய்ச் சேர்ந்தபோது வராந்தாவில் நின்றுகொண்டிருந்தான். சவரம் செய்யாத முகம். அவளைப் பார்த்துவிட்டு நகர்ந்து இடம் விட்டான். இரண்டு பேரும் சேர்ந்து உள்ளே போனார்கள்.

அங்கே தடித்த சுவரும் இரட்டைக் கண்ணாடி ஜன்னலும் வைத்த சின்ன அறை. உள்ளேயிருந்து வெளியே, வெளியேயிருந்து உள்ளே, ஒரு பொட்டுச் சத்தம் போகாது. உள்ளே உருண்டை அம்மா மடியில், முழங்கால் படாதபடி அவன் காலுக்கடியில் ஒரு தலையணை. இரண்டு மூலையிலும் கறுப்புப் பெட்டி. சத்தம் வந்து பிள்ளை அந்தப் பக்கம் திரும்பினால் பெட்டிக்குள் விளக்கெரிந்து ஒரு பொம்மைக் கரடி ஆடும். சோதிக்கும் அம்மாள் வெளியே குமிழ்களைத் திருகி, உள்ளே என்ன சத்தம் போகிறது என்று சொல்லிக்கொண்டே வந்தாள். மெல்லிய விசில், பறவைக் கூச்சல், ஒரு பெண்குரல். உருண்டை தலையணையின் நூலைப் பிய்த்துக்கொண்டிருந்தான். இன்னும் கூட்டினாள். இன்னும். எங்கேயோ உச்சத்தில், அடிவயிற்றிலிருந்து வருவதுபோல முரசுச் சத்தம் ஒன்று வைத்தபோதுதான் திரும்பினான். கரடி ஆடியது. பிள்ளை வாயைப் பிளந்தான்.

"கேக்கறது கொஞ்சம் மிச்சம் இருக்கு" என்றாள் அந்த அம்மாள். "கருவி வச்சா பேச்சும் கொஞ்சம் கொஞ்சமா விழும். நல்லவேளை, இப்பவே கொண்டுவந்தீங்க." தம்பி அக்காவைப் பார்க்காமல் தலையை மட்டும் ஆட்டினான்.

சத்தமெல்லாம் நின்றுபோனதும் உருண்டை நிமிர்ந்து பார்த்தான். ஜன்னலுக்கு இந்தப் பக்கம் அப்பாவும் அத்தையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதைக் கண்டான். முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தான். விரலை நீட்டிக் கண்ணைத் தொட்டான். மூக்கைத் தொட்டான். வாயைத் தொட்டான். காதில் விரலை வைத்துக்கொண்டு, இரண்டு முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

தம்பியின் கைகள் பழக்கத்தில் மேலே எழும்பி, பாதியில் நின்றன. அத்தனை நாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான் வாயைத் திறந்தான். "அக்கா, காத்துக்கிட்டு இருக்கான்க்கா. தட்டலாமா, கூடாதா?"

கிலுக்கக்காவுக்கு அவன் மேலும், தன் மேலும், அந்தச் சிவப்புக் கட்டைகள் மேலும், இருந்த வெறுப்பெல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தது, ஒரு துளி குறையவில்லை. "தட்டித் தொலைடா" என்றாள்.

தட்டினான். அவளும் தட்டினாள். வராந்தாவில் நின்றவர்கள் திரும்பிப் பார்க்கும்படி இரண்டு பேரும் தட்டினார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அதில் ஒரு சத்தமும் போகவில்லை. உருண்டைக்கு அது எப்போதும் போலத்தான் இருந்தது. காதிலிருந்து விரலை எடுத்துவிட்டு, கையைத் தட்டிச் சிரித்தான்.